கரோலினாவில் பிறந்த பெல்ட்: யு.எஸ். மல்யுத்தப் பட்டத்தின் கதை (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

பள்ளி இடைவேளையில் மல்யுத்த வீரர்கள் படம் போட்ட ட்ரம்ப் கார்டுகளை விரித்து வைத்துக்கொண்டு உயரம், எடை, மார்பளவு என்று கூவி விளையாடிய தலைமுறை நாங்கள். ஜான் சீனாவின் தோளில் தொங்கிய யு.எஸ். பெல்ட்டை எங்களில் பலருக்குத் தெரியும். அந்த பெல்ட் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் தெரிந்தவர்கள் குறைவு. அதன் முதல் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளுக்கான பதில்கள் இங்கே இருக்கின்றன. பிந்தைய காலத்தைச் சுருக்கமாகவே சொல்லியிருக்கிறேன். என் மனம் முழுவதும் அந்தப் பழைய காலத்தில்தான் இருக்கிறது.

இது எந்தப் பட்டம்?

இன்று டபிள்யூ.டபிள்யூ.இ. என்ற அமெரிக்க மல்யுத்த நிறுவனத்தில் 'யுனைடெட் ஸ்டேட்ஸ் சாம்பியன்ஷிப்' என்று அழைக்கப்படும் பட்டம். 1975 ஜனவரி 1 அன்று தொடங்கியது. அந்த நிறுவனம் இன்று வைத்திருக்கும் பட்டங்களில் இதைவிடப் பழையது ஒன்றே ஒன்றுதான்: 1963இல் தொடங்கிய அதன் தலைமைப் பட்டம். இன்டர்கான்டினென்டல் பட்டம்கூட 1979இல்தான் வந்தது. ஆனால் யு.எஸ். பட்டத்தை உருவாக்கியது டபிள்யூ.டபிள்யூ.இ. அல்ல. வட கரோலினா மாநிலத்தின் சார்லட் நகரில் ஒரு குடும்பம் நடத்திய ஜிம் கிராக்கெட் புரமோஷன்ஸ் என்ற நிறுவனம் அதை உருவாக்கியது.

பெயரில் முழு அமெரிக்காவும் இருக்கிறதே, அதை ஏன் வட்டாரப் பட்டம் என்கிறீர்கள்?

1948இல் அயோவா மாநிலத்தில் சில மல்யுத்த முதலாளிகள் கூடி என்.டபிள்யூ.ஏ. என்ற கூட்டமைப்பைத் தொடங்கினார்கள். அதில் சேர்ந்த ஒவ்வொரு முதலாளிக்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்குள் மற்றவர் நிகழ்ச்சி நடத்தக்கூடாது. உலக சாம்பியன் ஒருவர் மட்டும் எல்லா எல்லைகளுக்கும் சுற்றி வருவார். அவர் வராத நாட்களில் கூட்டத்தைக் கூட்ட அந்தந்த வட்டாரத்துக்கென்று ஒரு பட்டம் வேண்டும். அதற்குப் பெரிய பெயர் வைத்தால் டிக்கெட் கூடுதலாக விற்கும். அதனால் 'யு.எஸ். சாம்பியன்' என்று ஒரே காலத்தில் பல ஊர்களில் பலர் இருந்தார்கள். டெட்ராய்ட்டில் ஒருவர், சான் பிரான்சிஸ்கோவில் ஒருவர். ஓர் ஊர் ரசிகருக்கு மற்ற ஊரின் தொலைக்காட்சி தெரியாது என்பதால் இதில் யாருக்கும் குழப்பம் வரவில்லை.

டெட்ராய்ட்டின் பட்டமும் சான் பிரான்சிஸ்கோவின் பட்டமும் அந்தந்த நிறுவனங்களோடு மறைந்துபோயின. கரோலினாவின் பட்டம் மட்டும் பிழைத்துக்கொண்டது.

கிராக்கெட் குடும்பத்தின் எல்லை எது?

வட கரோலினா, தென் கரோலினா, வர்ஜீனியா. நூற்பாலைகளும் புகையிலைக் கிடங்குகளும் மரச்சாமான் தொழிற்சாலைகளும் நிறைந்த பகுதி. கிரீன்ஸ்பரோ, ராலே, ரிச்மண்ட், நார்ஃபோக், கொலம்பியா, கிரீன்வில், சார்ல்ஸ்டன் என்று சிறியதும் பெரியதுமான ஊர்கள் வரிசையாக இருந்தன. திங்கட்கிழமை என்றால் கிரீன்வில் என்பதுபோல ஊருக்கு ஒரு நாள். நம் வாரச் சந்தையை நினைத்துக்கொள்ளுங்கள். மல்யுத்த வீரர்கள் காரில் ஊர் ஊராகப் போய் ஆடிவிட்டு இரவோடு இரவாகத் திரும்புவார்கள். ராலேயில் உள்ள தொலைக்காட்சி நிலையத்தில் பதிவான நிகழ்ச்சி வார இறுதியில் வீடுகளுக்கு வரும். பாப் காடிலின் அமைதியான வர்ணனைக் குரலைக் கேட்டு வளர்ந்தவர்கள் அந்த மாநிலங்களில் இன்றும் இருக்கிறார்கள்.

1975இல் புதிய பட்டம் ஏன் தேவைப்பட்டது?

நிறுவனத்தைக் கட்டி எழுப்பிய மூத்த ஜிம் கிராக்கெட் 1973 ஏப்ரலில் இறந்தார். அதுவரை அந்த வட்டாரத்தின் அடையாளம் இருவர் அணிப் போட்டிகள். ரிப் ஹாக் – ஸ்வீட் ஹேன்சன், ஜார்ஜ் பெக்கர் – ஜானி வீவர் போன்ற அணிகளைப் பார்க்கவே மக்கள் வந்தார்கள். பொறுப்பு அடுத்த தலைமுறைக்கு வந்தபின் போட்டிகளைத் திட்டமிட ஜார்ஜ் ஸ்காட் அழைக்கப்பட்டார். அவரும் ஒரு காலத்தில் தன் சகோதரர் சாண்டியுடன் அதே ஊர்களில் அணியாக ஆடியவர்தான். ஆனால் எதிர்காலம் தனி வீரர்களிடம் இருக்கிறது என்று கணித்தார். வெளியூரிலிருந்து ஜானி வாலண்டைனையும் வாஹூ மெக்டேனியலையும் கொண்டுவந்தார். மினசோட்டாவிலிருந்து ரிக் ஃப்ளேர் என்ற பொன்னிறத் தலைமுடி இளைஞர் வந்தார்.

தனி வீரர்களுக்கு 'மிட்-அட்லாண்டிக்' என்றொரு பட்டம் அங்கே ஏற்கெனவே இருந்தது. அது வட்டாரத்தின் பெயரைத் தாங்கியது. அதற்கு மேல் ஒரு படி வேண்டும் என்று வந்ததுதான் யு.எஸ். பட்டம்.

வெற்றி தோல்வி முன்கூட்டியே முடிவாகும் ஆட்டத்தில் பட்டத்துக்கு என்ன மதிப்பு?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். ஏளனமாகக் கேட்பவர்களும் உண்டு. தெருக்கூத்தில் துரியோதனன் சாவான் என்பது ஊருக்கே தெரியும். ஆனாலும் விடிய விடிய உட்கார்ந்து பார்க்கிறோம். துரியோதனன் வேடத்தை யாருக்குக் கொடுப்பது என்று கூத்து வாத்தியார் யோசித்துத்தான் கொடுக்கிறார். வேடம் கட்டத் தெரியாதவனிடம் கொடுத்தால் கூட்டம் நள்ளிரவிலேயே எழுந்து போய்விடும்.

பட்டமும் அப்படித்தான். இந்த மனிதரை நம்பி ஆறு மாதம் அரங்குகளை நிரப்பலாம் என்று முதலாளி நம்பும் ஒருவருக்கே அது போகும். யார் வெல்வது என்பதைத்தான் பேசி வைக்க முடியும். விழும்போது முதுகில் விழும் அடியைப் பேசி வைக்க முடியாது. இந்தப் பட்டத்தின் கதையில் உடல்கள் நிஜமாகவே உடைந்திருக்கின்றன.

முதல் சாம்பியன் யார்?

ஹார்லி ரேஸ். ஃபுளோரிடாவின் தல்லஹாசியில் நடந்த போட்டித் தொடரின் இறுதியில் ஜானி வீவரை வென்றார் என்று பதிவேடு சொல்கிறது. ரேஸ் 1973இல் உலக சாம்பியனாக இருந்தவர். புதிய பட்டத்துக்கு அப்படிப்பட்டவரை முதலில் நிறுத்தியதில் நல்ல கணக்கு இருக்கிறது. முன்னாள் உலக சாம்பியன் இடுப்பில் கட்டிய பெல்ட் என்றால் முதல் நாளிலேயே அதற்குக் கனம் வந்துவிடும். தோற்ற வீவர் கரோலினா ரசிகர்களின் சொந்தப் பிள்ளை. ஆகவே ரேஸைத் தோற்கடிக்க யாராவது வரமாட்டார்களா என்ற ஏக்கமும் உடனே தொடங்கியது.

1975 ஜூலை 3 அன்று கிரீன்ஸ்பரோவில் ஜானி வாலண்டைன் அதைச் செய்தார். ஆனால் அவர் மக்கள் விரும்பும் நாயகன் அல்ல. அவசரமே படாமல், ஒவ்வோர் அடியையும் எலும்பு கேட்கும்படி அடிக்கும் வில்லன். அவருடைய ஆட்டம் மெதுவாகப் போகும். முதலில் ரசிகர்கள் பொறுமையிழந்தார்கள். பிறகு அந்த மெதுவிலேயே பயம் இருப்பதை உணர்ந்தார்கள். அந்த வட்டாரத்தில் தனி ஆட்டத்தை நம்பவைத்தவர் அவர்தான் என்பது என் உறுதியான கருத்து.

விமான விபத்து என்கிறார்களே, என்ன நடந்தது?

1975 அக்டோபர் 4. சார்லட்டிலிருந்து கடற்கரை நகரமான வில்மிங்டனில் நடக்கவிருந்த நிகழ்ச்சிக்கு ஒரு சிறிய செஸ்னா 310 விமானம் புறப்பட்டது. விமானியோடு ஐந்து பேர் இருந்தார்கள்: யு.எஸ். சாம்பியன் ஜானி வாலண்டைன், ரிக் ஃப்ளேர், முன்னாள் அமெரிக்கக் கால்பந்து வீரர் பாப் பிரக்கர்ஸ், 'மிஸ்டர் ரெஸ்லிங்' என்ற பெயரில் முகமூடி அணிந்து ஆடிய டிம் உட்ஸ், முதலாளி குடும்பத்தின் டேவிட் கிராக்கெட். வில்மிங்டன் விமான நிலையத்தை நெருங்கும் நேரத்தில் எரிபொருள் தீர்ந்து விமானம் தரையில் மோதியது.

விமானி நினைவு திரும்பாமல் கிடந்து பின்னர் இறந்தார். வாலண்டைனின் முதுகெலும்பு நொறுங்கியது. 47 வயதில் அவருடைய மல்யுத்த வாழ்க்கை அந்த மாலையோடு முடிந்தது. 2001இல் இறக்கும்வரை ஊன்றுகோலும் கால் தாங்கியும் இல்லாமல் அவரால் நடக்க முடியவில்லை. பிரக்கர்ஸும் மறுபடி ரிங்கில் ஏறவில்லை. 26 வயது ஃப்ளேருக்கு முதுகு மூன்று இடங்களில் முறிந்தது. இனி ஆடவே முடியாது என்றார்கள் மருத்துவர்கள். அவர் சில மாதங்களில் திரும்பி வந்தார். ஆனால் வந்தது பழைய ஆள் அல்ல. முன்பு உடம்பைப் பெருக்கி முரட்டுத்தனமாக மோதிக்கொண்டிருந்தவர், பிறகு எடையைக் குறைத்து, முதுகைக் காத்துக்கொள்ளும்படி விழக் கற்றுக்கொண்டு, இறகு அங்கியும் தங்கத் தலைமுடியுமாக நாம் அறிந்த 'நேச்சர் பாய்' ஆனார்.

டிம் உட்ஸ் மருத்துவமனையில் பொய் சொன்னார் என்பது உண்மையா?

உண்மை. இந்தக் கதையில் என்னை மிகவும் நெகிழவைக்கும் பகுதியும் அதுதான்.

அக்காலத்தில் நாயகனும் வில்லனும் நிஜமாகவே பகைவர்கள் என்று ரசிகர்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கையைக் காப்பது தொழில் தர்மம். மல்யுத்தக்காரர்கள் தங்களுக்குள் அதை 'கேஃபேப்' என்பார்கள். நாயகர்களும் வில்லன்களும் ஒரே காரில் போகக்கூடாது, ஒரே ஓட்டலில் உட்காரக்கூடாது. ஆனால் அந்த விமானத்தில் டிம் உட்ஸ் நாயகன். வாலண்டைனும் ஃப்ளேரும் அவருடைய எதிரிகள். செய்தி வெளியே வந்தால் மூன்று மாநிலங்களில் தொழிலே ஆட்டம் கண்டிருக்கும்.

உடம்பெல்லாம் அடிபட்ட நிலையில் உட்ஸ் தன் இயற்பெயரான ஜார்ஜ் பர்ரல் உட்டின் என்பதைச் சொல்லி, தான் மல்யுத்தக்காரர் அல்ல, நிகழ்ச்சி நடத்தும் புரமோட்டர் என்று பதிவு செய்தார். ஆனாலும் விமானத்தில் உட்ஸும் இருந்தார் என்ற வதந்தி பரவத் தொடங்கியது. அதை முறியடிக்க ஒரே வழிதான் இருந்தது. விலா எலும்புகள் ஆறும் முன்பே, இரண்டு வாரங்கள் கழிந்த அளவில் அவர் ரிங்கில் ஏறி ஆடினார். விமானம் விழுந்து பிழைத்தவன் இப்படி ஆட முடியுமா என்று நினைத்து ரசிகர்கள் நம்பினார்கள். அந்த வட்டாரம் நொடிந்துபோகாமல் காத்தவர் அவர் என்று உடன் ஆடியவர்கள் கடைசிவரை சொன்னார்கள்.

காலியான பட்டம் யாரிடம் போனது?

1975 நவம்பர் 9 அன்று கிரீன்ஸ்பரோவில் ஒரு போட்டித் தொடர் வைத்தார்கள். இறுதியில் டெக்சாஸ்காரர் டெர்ரி ஃபங்க், பால் ஜோன்ஸை வென்றார். அந்த மாதக் கடைசியிலேயே, நன்றியறிதல் திருநாள் அன்று, அதே ஊரில் ஜோன்ஸ் பட்டத்தைப் பிடுங்கிக்கொண்டார். இரண்டு வாரத்துக்குள், டிசம்பர் 10 அன்று, ஃபங்க் மயாமி பீச்சில் ஜாக் பிரிஸ்கோவைத் தோற்கடித்து உலக சாம்பியன் ஆனார். பால் ஜோன்ஸ் என்ற உள்ளூர் வீரர் தோற்கடித்த மனிதர் இப்போது உலக சாம்பியன்! கரோலினா ரசிகருக்கு இதைவிடப் பெருமை வேறு என்ன வேண்டும்? விபத்தால் சரிந்திருக்க வேண்டிய பட்டம் இரண்டே மாதத்தில் முன்பைவிட உயரத்தில் நின்றது.

அடுத்த ஆண்டு மார்ச்சில் பிளாக்ஜாக் முல்லிகன் அதை வென்றார். கறுப்புத் தொப்பியும் கையுறையும் அணிந்த ஆஜானுபாகு.

போபோ பிரேசிலின் பெயர் பட்டியலில் சில நாட்களுக்கு மட்டும் வருகிறதே?

ஆம், 1977 ஜூலையில் மூன்று வாரங்கள். ஆனால் அந்த மூன்று வாரங்களைத் தாண்டிப் போக எனக்கு மனமில்லை. பிரேசில் கறுப்பின வீரர். வெள்ளையரோடு ஒரே ரிங்கில் கறுப்பினத்தவர் ஆடக்கூடாது என்று பல ஊர்களில் தடை இருந்த காலத்திலேயே ஆடத் தொடங்கியவர். அதே கிரீன்ஸ்பரோவில்தான் 1960இல் நான்கு கறுப்பின மாணவர்கள் வெள்ளையருக்கென்று ஒதுக்கப்பட்ட உணவுக் கவுண்டரில் அமர்ந்து எழ மறுத்தார்கள். பதினேழு ஆண்டுகள் கழித்து அதே மாநிலங்களில் ஒரு கறுப்பினத்தவர் நாட்டின் பெயரைத் தாங்கிய பட்டத்தைக் கையில் உயர்த்தினார், மக்கள் ஆர்ப்பரித்தார்கள். முடிவைத் தீர்மானித்தது முதலாளிதான். ஆர்ப்பரிப்பை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

அந்த மாதக் கடைசியில் ரிச்மண்டில் பிரேசிலிடமிருந்து பட்டத்தை எடுத்தவர் ரிக் ஃப்ளேர்.

ஃப்ளேருக்கும் ஸ்டீம்போட்டுக்கும் நடந்த போட்டிகள் ஏன் அவ்வளவு பேசப்படுகின்றன?

ஒருவர் உச்சாணிக் கொம்பில் இருக்கும் அகந்தைக்காரர். மற்றவர் தாய்வழியில் ஜப்பானிய இரத்தம் கொண்ட, அதிர்ந்து பேசாத இளைஞர். 1977 அக்டோபரில் ரிக்கி ஸ்டீம்போட், ஃப்ளேரிடமிருந்து யு.எஸ். பட்டத்தை வென்றார். அதிலிருந்து சில ஆண்டுகள் மூன்று மாநில ஊர்களிலும் இருவரும் மாறி மாறி மோதினார்கள். தொலைக்காட்சியில் வராமல், ஊர் அரங்குகளில் மட்டும் நடந்து முடிந்த ஆட்டங்கள் எத்தனையோ. 1989இல் உலகப் பட்டத்துக்காக இவர்கள் ஆடிய மூன்று ஆட்டங்களை இன்றும் உலகம் கொண்டாடுகிறது. அந்த இசைவு இரவோடு இரவாக வந்ததல்ல. நார்ஃபோக்கிலும் கிரீன்வில்லிலும் யு.எஸ். பட்டத்துக்காக ஆடிய ஆட்டங்களில் விளைந்தது அது.

தந்தை இழந்த பட்டத்தை மகன் வென்றதாகச் சொல்வது யாரைப் பற்றி?

கிரெக் வாலண்டைனைப் பற்றி. ஜானியின் மகன். தந்தையின் வயது தெரிந்துவிடக்கூடாது என்பதற்காக ஆரம்பத்தில் தம்பி என்றுகூட அறிமுகப்படுத்தினார்கள். 1980 ஜூலை 26 அன்று அவர் யு.எஸ். சாம்பியன் ஆனார். அவர் தோற்கடித்தது ரிக் ஃப்ளேரை. தந்தை யு.எஸ். சாம்பியனாக ஏறிய அந்தக் கடைசி விமானத்தில் உடன் இருந்தவரை! இந்தக் கதைக்கு ஒரு கவிஞன்கூட இப்படி முடிச்சுப் போட்டிருக்க மாட்டான்.

கிரெக்கின் இன்னோர் ஆட்டமும் மறக்க முடியாதது. 1983 நவம்பர் 24, கிரீன்ஸ்பரோ, முதல் ஸ்டார்கேட் நிகழ்ச்சி. பதினைந்தாயிரம் பேருக்கு மேல் அரங்கில், மற்ற ஊர்களில் திரையில் பார்த்தவர்கள் தனி. சாம்பியன் கிரெக்கும் ரோடி பைப்பரும் கழுத்தில் நாய்ப் பட்டை மாட்டி, நடுவில் கனத்த சங்கிலி இணைத்து ஆடினார்கள். பட்டம் பணயத்தில் இல்லை, பைப்பர் வென்றார். ஏற்கெனவே கிரெக்கால் அடிபட்ட இடது காதின் செவித்திறனில் பெரும்பகுதி பைப்பருக்குத் திரும்பவே இல்லை.

அன்றிரவு கடைசி ஆட்டத்தில் உலகப் பட்டத்துக்காக மோதியவர்கள் ஃப்ளேரும் ஹார்லி ரேஸும். முதல் யு.எஸ். சாம்பியனும் அந்த ரிங்கில் வளர்ந்த பிள்ளையும்.

மேக்னம் டி.ஏ. யார்? அவருக்கு என்ன ஆயிற்று?

1985இல் கரோலினாவின் கண்மணி அவர். மீசையும் தோல் மேலங்கியுமாக வருவார். மார்ச்சில் சார்லட்டில் வாஹூ மெக்டேனியலை வென்று யு.எஸ். சாம்பியன் ஆனார். ஜூலையில் டல்லி பிளான்சர்டிடம் தோற்றார். அந்த ஆண்டு நவம்பர் 28 அன்று கிரீன்ஸ்பரோவில் இரும்புக் கூண்டுக்குள் இருவரும் சந்தித்தார்கள். யாராவது ஒருவர் மைக்கில் 'விட்டுவிடுகிறேன்' என்று சொல்லும்வரை ஆட்டம் முடியாது. கயிற்றில் தொற்றுவது, தாவுவது எதுவும் இல்லை. குத்தும் பிடியும் இரத்தமும் மூச்சிரைப்பும்தான். மைக்கை முகத்தில் அழுத்தும்போதெல்லாம் வலியில் வரும் முனகல் அரங்கம் முழுதும் கேட்டது. கடைசியில் உடைந்த நாற்காலியின் கூர்மையான மரத்துண்டை மேக்னம் பிளான்சர்டின் நெற்றியில் வைத்து அழுத்த, பிளான்சர்ட் அலறித் தோல்வியை ஒப்புக்கொண்டார். பட்டம் மறுபடி மேக்னமிடம் வந்தது.

அடுத்த ஆண்டு எதிரி நிகிதா கோலாஃப். பனிப்போர் உச்சத்தில் இருந்த நாட்கள். மொட்டைத் தலையும் மலைபோன்ற உடம்புமாக வந்த இந்த 'ரஷ்யர்' உண்மையில் மினசோட்டாவில் பிறந்த அமெரிக்கர். வேடத்தில் அவ்வளவு மூழ்கியவர், சட்டப்படியே பெயரை மாற்றிக்கொண்டார். என்.டபிள்யூ.ஏ. தலைவர் பாப் கைகலைத் தாக்கியதற்காக மேக்னமின் பட்டம் பறிக்கப்படுவதாகக் கதை அமைத்து, இருவருக்கும் ஏழு ஆட்டங்கள் கொண்ட தொடர் வைத்தார்கள். கோலாஃப் முதல் மூன்றையும் வென்றார். மேக்னம் அடுத்து வந்து மூன்றுக்கு மூன்று என்று சமன் செய்தார். கோடை முழுதும் ஊர் ஊராக இது நடந்தது. ஆகஸ்ட் 17 அன்று சார்லட்டில் கோலாஃப் வென்று சாம்பியன் ஆனார்.

மேக்னம் மறுபடி வெல்வார், விரைவில் உலக சாம்பியனும் ஆவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அக்டோபர் 14 அன்று சார்லட்டில் மழையில் அவருடைய கார் கட்டுப்பாட்டை இழந்து ஒரு கம்பத்தில் மோதியது. கழுத்தெலும்பு சிதைந்தது. அவருக்கு வயது 27. பிறகு அவர் ஆடவே இல்லை.

அதன்பின் நடந்தது எனக்கு இன்றும் வியப்பு. அத்தனை பேரும் வெறுத்த கோலாஃப், தான் மதித்த எதிரிக்காக வருந்தி மேக்னமின் நண்பர் டஸ்டி ரோட்ஸின் பக்கம் வந்து நின்றார். அமெரிக்கத் தெற்குப் பகுதியின் ரசிகர்கள் ஒரு 'ரஷ்யருக்கு' எழுந்து நின்று கைதட்டினார்கள். 1987 ஏப்ரலில் பால்டிமோரில் கோலாஃபும் ரோட்ஸும் இருவர் அணிகளுக்கான கிராக்கெட் கோப்பைக்காக ஆடியபோது, மேக்னம் ஊன்றுகோலோடு மெல்ல நடந்து ரிங்குக்கு வந்தார். அந்த ஒளிப்பதிவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும்.

வட்டாரப் பட்டம் என்ற நிலை எப்போது முடிந்தது?

ஒரு நாள் குறித்துச் சொல்ல முடியாது. 1980களின் நடுவில், இன்று டபிள்யூ.டபிள்யூ.இ. எனப்படும் நிறுவனத்தின் முதலாளி வின்ஸ் மெக்மான் எல்லைகளை மதிக்காமல் நாடு முழுதும் நிகழ்ச்சி நடத்தத் தொடங்கினார். கேபிள் தொலைக்காட்சி வந்தபின் எல்லைகளுக்குப் பொருளும் இல்லாமல் போயிற்று. கிராக்கெட் நிறுவனமும் போட்டியில் இறங்கியது. 1985இல் டெட் டர்னரின் தொலைக்காட்சியில் நேரம் வாங்கியது. 1986 செப்டம்பரில் ஜார்ஜியாவிலிருந்து வந்த 'நேஷனல்' பட்டத்தை யு.எஸ். பட்டத்தோடு இணைத்தார்கள், கோலாஃப்தான் அதையும் வென்றார். அடுத்த கோடையில் லெக்ஸ் லூகர் கூண்டுப் போட்டியில் அவரைத் தோற்கடித்தார். ஆனால் விரிவாக்கத்தின் செலவு நிறுவனத்தை விழுங்கியது. 1988 நவம்பரில் அது டர்னரிடம் விற்கப்பட்டு டபிள்யூ.சி.டபிள்யூ. ஆனது. திங்கட்கிழமை கிரீன்வில் என்ற வழக்கம் அத்தோடு போனது.

டபிள்யூ.சி.டபிள்யூ. காலத்தில் குறிப்பிடத்தக்கவை?

லூகர் 1989 மே முதல் 1990 அக்டோபர் வரை 523 நாட்கள் தொடர்ந்து வைத்திருந்தார். இன்றுவரை இதுவே சாதனை. 1994 செப்டம்பரில் காயம்பட்ட ஸ்டீம்போட்டுக்குப் பதில் ஸ்டீவ் ஆஸ்டினிடம் பட்டத்தைக் கொடுத்தார்கள். சில நிமிடங்களில் ஜிம் டக்கன் 35 விநாடி ஆட்டத்தில் அதைப் பறித்தார். ஆஸ்டினைப் போன்ற ஒரு வீரரையும் இந்தப் பட்டத்தையும் அப்படி நடத்தியது தவறு என்றே இன்றும் நினைக்கிறேன். 2000இல் லான்ஸ் ஸ்டார்ம் பட்டத்தின் பெயரையே 'கனடியப் பட்டம்' என்று மாற்றி, பெல்ட்டில் கனடா கொடியை ஒட்டினார். சில மாதங்களில் பழைய பெயர் திரும்பியது.

டபிள்யூ.டபிள்யூ.இ.க்கு எப்படிப் போனது?

2001 மார்ச்சில் மெக்மானின் நிறுவனம் டபிள்யூ.சி.டபிள்யூ.வை வாங்கியது. நவம்பரில் எட்ஜ் என்ற வீரர், டெஸ்ட் என்ற வீரரை வென்று யு.எஸ். பட்டத்தை இன்டர்கான்டினென்டல் பட்டத்தோடு இணைத்தார். அத்தோடு முடிந்தது என்றே நினைத்தோம். 2003 ஜூலையில் உயிர்ப்பித்தார்கள். எடி குரேரோ வென்றார். 2004 மார்ச்சில் அந்த நிறுவனத்தின் பெரிய ஆண்டு நிகழ்ச்சியான ரெசில்மேனியாவின் முதல் ஆட்டத்தில் பிக் ஷோவைத் தோளில் தூக்கிப் போட்டு ஜான் சீனா வென்றார். அதிலிருந்துதான் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இந்தப் பட்டம் தெரியும்.

2015இல் சீனா இதற்கு மறுபடி ஒரு பழைய மரியாதையைக் கொடுத்தார். அப்போது பெரும்பாலான வாரங்களில் திங்கட்கிழமை நிகழ்ச்சியில் 'யார் வேண்டுமானாலும் வரலாம்' என்று சவால் விட்டு, அந்தந்த ஊரில் பட்டத்தைப் பணயம் வைத்து ஆடினார். இது புதுமை என்று பலர் எழுதினார்கள். முல்லிகனும் ஃப்ளேரும் கரோலினாவில் செய்த வேலை அதுதான்.

இந்திய வம்சாவளியினர் யாராவது வென்றிருக்கிறார்களா?

ஜிந்தர் மஹால். கனடாவின் கல்கரியில் பிறந்த பஞ்சாபியர். 2018 ஏப்ரல் 8 அன்று நியூ ஆர்லியன்ஸில் நடந்த ரெசில்மேனியாவில் நால்வர் மோதிய ஆட்டத்தில் வென்றார். எட்டு நாட்களில் ஜெஃப் ஹார்டியிடம் இழந்தார்.

அதிக முறை வென்றவர்?

ரிக் ஃப்ளேர், ஆறு முறை. ஐந்து கரோலினா நாட்களில், ஆறாவது 1996இல். வாஹூ மெக்டேனியல், லெக்ஸ் லூகர், பிரெட் ஹார்ட் ஆகியோர் ஐந்து முறை வென்றவர்களில் சிலர்.

ஒரே ஓர் ஆட்டத்தைத்தான் பார்க்க நேரம் இருக்கிறது. எதைப் பார்க்கலாம்?

1985 நவம்பரின் மேக்னம் – பிளான்சர்ட் கூண்டு ஆட்டம். கால் மணி நேரம்தான். விளக்கை அணைத்துவிட்டு, ஒலியைக் கூட்டி வைத்துப் பாருங்கள். இரண்டாவது முறை பார்க்கும்போது வீரர்களை விட்டுவிட்டுக் கூண்டுக்கு வெளியே இருப்பவர்களைக் கவனியுங்கள். மைக் ஒவ்வொரு முறையும் மேக்னமின் வாயருகே போகும்போது அவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது தெரியும்.